பின்பக்கம் உட்காரும் பிக்கப்புக்குக் காற்றுப் பை போடலாமா?

வண்டியும் நாமும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்குக் கலசப்பாக்கம் பக்கம். போன வருடம் மைத்துனரும் நானும் சேர்ந்து பழைய பிக்கப் ஒன்றைக் கடனில் வாங்கினோம். எங்கள் நெல்லோடு அக்கம்பக்கத்தார் நெல்லையும் ஏற்றித் திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். 24 மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் 'டங்' என்று அடிக்கிறது. பட்டறையில் இன்னொரு பட்டை சேர்க்கலாம் என்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர், 'ஏர் பேக் போடுங்க, 28 மூட்டைகூட ஏத்தலாம்' என்கிறார். தவணை கட்டவே திணறுகிறோம். எதைச் செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயர் போடவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் 24 என்ற எண்ணை மட்டும் விடமாட்டேன்.

உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் வெற்று வண்டி எடை, சுமையோடு கூடிய எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரிதிலிருந்து சின்னதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டிக்கு அனுமதித்த பாரம். 1.3 டன் ரக வண்டி என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரும் கூட வருபவரும் சேர்ந்து 130 கிலோ. மிச்சம் 1,170 கிலோ. நெல் மூட்டை 75 கிலோ என்றால் 15 மூட்டைதான் கணக்கு. நீங்கள் ஏற்றுவது 24. அதாவது 1,800 கிலோ நெல், ஆள் எடையோடு 1,930. அறுநூறு கிலோவுக்கு மேல் அதிகம். அறுத்து இரண்டு நாள் ஆன ஈர நெல்லாக இருந்தால் இன்னும் கூடும். வண்டி உட்காருவது அதன் கோளாறு இல்லை. அது உங்களிடம் சொல்லிப் பார்க்கிறது.

இதைப் படித்ததும் கோபம் வரும், தெரியும். நம் பக்கத்தில் யார்தான் கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்பீர்கள். மல்லாட்டைக் காய் மூட்டையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு நெல் மூட்டை ஏமாற்றும். காய் மூட்டை இடத்தை அடைக்கும், எடை குறைவு. நெல் அப்படியில்லை. வண்டியில் இடம் இருக்கிறதே என்று ஏற்றினால் பாரம் எல்லை தாண்டிவிடும். ஒரு முறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முழு வண்டியை ஒரு தடவையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு தடவையும் எடை போடச் சொல்லுங்கள். கொஞ்சம் காசில் உண்மை தெரிந்துவிடும்.

இனி காற்றுப் பைக்கு வருகிறேன். கார் மோதும்போது ஸ்டீயரிங்கில் விரியும் ஏர் பேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கனமான ரப்பர் பை. உள்ளே நூல் அடுக்குகள் இருக்கும். சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக உட்காரும். கம்பெனி கொடுத்த பட்டைகள் அப்படியே இருக்கும். பை அவற்றுக்கு ஒத்தாசை செய்யும். பெரிய பேருந்துகளில் பட்டையே இல்லாமல் முழுக்கக் காற்றிலேயே நிற்கிற ஏற்பாடு உண்டு. சென்னையில் 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பயணியை ஏற்றுவது அந்தக் காற்றை இறக்கித்தான். சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் லாரிக்கும் பேருந்துக்கும் இதைச் செய்கின்றன. நம் பிக்கப்புக்கு வருவது அதன் சின்னத் தம்பி.

இது வேலை செய்யும் விதம் எளிது. பை ஆறு அங்குல வட்டம் என்று வையுங்கள். பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 40 பவுண்டு காற்று அடித்தால் 1,120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 500 கிலோவைத் தாங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு டன். கடைக்காரர் 28 மூட்டை என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கில் பிழை இல்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

பை வண்டியைத் தூக்கி நிறுத்தும். ஆனால் எடை எங்கே போகும்? அதே ஆக்ஸில், அதே பேரிங், அதே ஹப், அதே நான்கு டயர், அதே பிரேக்கில்தான் இறங்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் தாங்குதிறன் காற்றுப் பை போட்டதால் ஒரு கிலோகூடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. பட்டை எடையை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் சேஸிஸுக்குக் கொடுக்கிறது. பை ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் கொடுக்கிறது. பாரம் எல்லைக்குள் இருந்தால் தொல்லையில்லை. மிஞ்சினால் சேஸிஸ் அந்த இடத்தில்தான் வளையும், விரிசல் விடும். வண்டி நிமிர்ந்து நிற்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நிமிர்ந்த வண்டியில் அதிக பாரம் இருப்பதைவிட, உட்கார்ந்த வண்டியில் அதிக பாரம் இருப்பதே மேல் என்பேன். ஓட்டுகிறவருக்குப் பயமாவது இருக்கும்.

பிரேக் விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே சேஸிஸில் இருக்கும் வால்வுக்குப் போகும். வண்டி எவ்வளவு தாழ்கிறதோ, அதைப் பார்த்துப் பின் சக்கரத்துக்கு அந்த வால்வு பிரேக் அழுத்தம் கொடுக்கும். காற்று அடித்து வண்டியைத் தூக்கிவிட்டால், வால்வு 'வண்டி காலி' என்று நினைத்துக்கொள்ளும். முழுப் பாரத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். குனிந்து பாருங்கள், அந்தக் கம்பி இருந்தால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கம்பெனி சர்வீஸ் ஆளைக் கேட்காமல் பை போடக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிச்ச மூட்டையை அங்கேயே இறக்கவும் வேண்டும். அதே சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே பை வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரியான சோதனை நிலையத்தின் சான்று அந்தப் பைக்கு உண்டா என்று கடைக்காரரையும் கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாங்க' என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு தெரிவித்துப் பயனில்லை.

சரி, தவணைக்கு என்ன வழி? உங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை போய் வர ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தாலும் நாலு லிட்டர் டீசல், நானூறு ரூபாய்க்குள் அடங்கும். 24 மூட்டையைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு நடையில் கொண்டுபோனால் கூடுதல் செலவு அவ்வளவுதான். ஒரு மூட்டைக்குப் பதினேழு ரூபாய்கூட இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் அந்தப் பதினேழு ரூபாயைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு முறை மாட்டினால் கட்டும் அபராதத்தில் ஐம்பது நடை ஓடலாம். டயர், பேரிங், பட்டை தேய்வதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அடுத்து, 15 மூட்டையோடு வண்டி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அப்போதும் பின்பக்கம் தாழ்ந்தால் அதுதான் உண்மையான கோளாறு. பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள். முன் சொந்தக்காரர் அதிகம் ஏற்றிப் பட்டையின் வளைவே போயிருக்கலாம். பட்டைக்கு நடுவில் விரிசல் உண்டா, சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா, ஷேக்கிள் புஷ் தேய்ந்து ஆடுகிறதா, யு போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பழைய பட்டையைச் சூடு பண்ணி அடித்து வளைத்துத் தருவார்கள். மலிவுதான். ஆனால் முறையாகப் பதம் ஏற்றாத பட்டை சில மாதத்தில் மறுபடி தட்டையாகிவிடும். என் அனுபவத்தில் புது செட் வாங்கிப் போடுவதே லாபம். கூடுதல் பட்டை சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. காலி வண்டி மாட்டு வண்டிபோல் குதிக்கும். தக்காளி, முட்டை ஏற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பட்டை நன்றாக இருந்தும், அனுமதித்த பாரத்தில் பின்பக்கம் தாழ்கிறது, முகப்பு விளக்கு எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கிறது, ஸ்டீயரிங் லேசாகிறது என்றால், அப்போது காற்றுப் பை நல்ல பொருள். காலை காலியாகவும் மாலை பாரத்தோடும் போகிற வண்டிக்குக் குறிப்பாகப் பொருந்தும். காற்று அழுத்த அழுத்த இறுகும். பாரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். இரும்புப் பட்டையில் அது நடக்காது.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். முதலில், காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்து, சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகுதான் கீழே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க விடாதீர்கள். சேஸிஸில் புது ஓட்டை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. நல்ல செட்டில் கிளாம்ப், யு போல்ட் கொண்டே பிடிக்கும். பை ஊதிய நிலையில் எதிலும் உரசக் கூடாது. பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். சைலென்சர் பக்கத்தில் போனால் நடுவில் தகடு வைக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் முதல் தடவை மாட்டிய பட்டறையில் அந்தத் தகட்டை விட்டுவிட்டார்கள். செங்கத்திலிருந்து திரும்பும் வழியில் ரப்பர் தீயும் வாடை. பை போனதோடு தப்பித்தேன்.

இரண்டு பக்கத்தையும் ஒரே குழாயில் இணைத்து ஒரு வால்வு வைப்பது சில இடங்களில் பழக்கம். மிச்சமாவது கொஞ்சம் காசு. ஆனால் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அழுந்தும் பையிலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். சாய்வு இன்னும் கூடும். பக்கத்துக்கு ஒரு வால்வு என்று கறாராகக் கேளுங்கள். மாட்டிய பிறகு காற்று அடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். முட்டை விட்டால் கசிவு. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்டையும் மறுபடி முடுக்குங்கள்.

காற்று எவ்வளவு? செட்டோடு வரும் தாளில் இருப்பதுதான் சட்டம். பெரும்பாலும் காலி வண்டியிலும் 5 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று இருக்கும். காற்றே இல்லாமல் ஓட்டினால் பை மடிந்து கிழியும். பாரம் ஏற்றியபின் ஐந்து ஐந்தாகக் கூட்டி, முதலில் எழுதிவைத்த காலி அளவுக்குச் சற்றுக் கீழே வரும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பின் சக்கரம் துள்ளும், பிடிமானம் போகும்.

கேள்வி: பைக்குக் காற்று அடிக்க வண்டியிலேயே கம்ப்ரஸர் வைக்கச் சொல்கிறார்கள். தேவையா? – வாசகர், ஆரணி

பதில்: தேவையில்லை. டயர் டியூப்பில் இருப்பது போன்ற வால்வுதான் இதிலும். டயர் கடையிலேயே அடிக்கலாம். ஆனால் பை சின்னது, அந்தக் காற்று வேகமாக ஏறிவிடும். டயருக்கு அடிப்பதுபோல் அடித்துவிட்டுப் பேச்சுக் கொடுக்காமல், மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சைக்கிள் பம்ப் போதும் என்பதே என் யோசனை.

கேள்வி: தீபத்துக்குத் திருவண்ணாமலை மாட்டுச் சந்தையில் மாடு வாங்கி ஏற்றி வருவோம். வளைவில் வண்டி ஆடுகிறது. காற்றுப் பை உதவுமா? – வாசகர், தண்டராம்பட்டு

பதில்: கொஞ்சம் உதவும். மூட்டை படுத்திருக்கும், மாடு நிற்கும். பாரம் உயரத்தில் இருக்கிறது, அதுவும் நகர்கிறது. பக்கத்துக்குத் தனி வால்வு வைத்த பை ஆட்டத்தைக் குறைக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியது, மாடு பக்கவாட்டில் நகராதபடி குறுக்குக் கட்டை போட்டு, கீழே வைக்கோல் பரப்பி, கால் வழுக்காமல் பார்ப்பது. கலப்பினப் பசு ஒன்று 400 கிலோகூட இருக்கும். மேலே சொன்ன 1.3 டன் வண்டியில் இரண்டு மாடும் இரண்டு ஆளும் என்றால் நிம்மதியாக வரலாம். மூன்றாவது மாட்டை ஏற்றினால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். மாடு பிடித்துக்கொண்டு பின்னால் ஆட்கள் நிற்பதையும் விட்டுவிடுங்கள்.