உட்கார வைத்தது போதும்

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் காலை ஏழு மணிக்கு மீன் வாங்கத் தெரிந்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், மீன்காரர் சொல்லும் விலை காதில் விழாததுபோல் நிற்பார்கள். என் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். துறைமுகத்தில் வேலை பார்த்து, 1992ல் 55 வயதில் வெளியே வந்தவர். அதன்பின் கால் நூற்றாண்டு, எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்கு அவர்தான் மீன் வாங்கி வருவார். மலாய்க் குடும்பத்துக்குத் தெங்கிரி, கடைசி வீட்டுச் சீனப் பாட்டிக்கு வாவல், எங்களுக்கு அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அது.

எண்பதாவது வயதில் ஒருநாள் சந்தைப் படியில் சறுக்கினார். பெரிய அடி இல்லை. ஆனால் வீட்டில் கூடிப் பேசினோம். "எதுக்குப் பெரியப்பா இனி அலையணும்? போன்ல தட்டினா வீட்டுக்கே வந்துடுது. நிம்மதியா உட்காருங்க." சொன்னது நான்தான். அன்போடுதான் சொன்னேன். நல்ல சாய்வு நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டோம். மூன்று வாரம் கழித்து நான் சந்தைப் பக்கம் போனபோது மீன்காரர் கூப்பிட்டுக் கேட்டார்: "ஐயாவ எங்க காணோம்? உடம்பு முடியலையா?"

அவரைத் தேடிய ஒரே ஆள் அந்த மீன்காரர். பக்கத்து வீடுகளுக்கு அதற்குள் நாங்களே போனில் தட்டக் கற்றுக் கொடுத்திருந்தோம்.

முதியவரைச் சும்மா உட்கார வைப்பதுதான் அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பிள்ளை தலையெடுத்தபின் அப்பா வேலைக்குப் போனால் பிள்ளைக்கு அவமானம். அம்மா கோவில் சமையலுக்குக் காய் நறுக்கப் போனால் மருமகளை ஊர் என்ன சொல்லும்? இந்த நம்பிக்கை தவறு. அது உட்கார வைக்கிறவர்களுக்கு வசதியாக இருப்பதால்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதில் காட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. அது தன் முறைக்குக் காத்திருக்கிறது. முந்திக்கொண்டு "போ போ" என்பது வீடுதானே!

ஓய்வுக்கு 55 என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்த வைத்தியரும் நாடி பிடித்துச் சொன்னதில்லை. 1955ல் மத்திய சேம நிதி தொடங்கியபோது பணத்தை எடுக்க வைத்த வயது அது. 1965ல் சிங்கப்பூரரின் சராசரி ஆயுளே ஏறக்குறைய 65தான். இன்று அது 83ஐத் தாண்டிவிட்டது. 1984ல் ஹவ் யூன் சோங் தலைமையிலான குழு, சேம நிதியை எடுக்கும் வயதை 60 ஆக்கலாம் என்று சொன்னபோது நாடே கொதித்தது. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது, பணம் அவர்களுடையது. ஆனால் பணம் கைக்கு வரும் வயதையே மனிதன் முடங்கும் வயதாகவும் எடுத்துக்கொண்டோமே, அதில் என்ன நியாயம்? சட்டம்கூட நகர்ந்துவிட்டது. ஓய்வு வயது 1993ல் 60, 1999ல் 62, 2022ல் 63, 2030க்குள் 65. நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் இன்னும் 1955 நடக்கிறது.

பெரியப்பாவின் தேக்கா சந்தையின் கதையையே பாருங்கள். 1982ல் புதிய கட்டடம் எழுந்தபோது அதற்குச் சீன உச்சரிப்பில் 'சுஜியாவ் நிலையம்' என்று பலகை வைத்தார்கள். ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. தேக்கா தேக்காதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 2000ல் பலகை பணிந்தது. ஒரு பெயர்ப்பலகைக்கு மசியாத நாம், 'ஓய்வு பெற்றவர்' என்று யாரோ ஒட்டிய சீட்டை மட்டும் நம் அப்பாவின் நெற்றியில் அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

நம் மரபில் இல்லாததையா கேட்கிறேன்? கல்யாணத்திலிருந்து தப்பிக்க விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் ஔவை என்று நாம்தான் கதை சொல்கிறோம். அந்தக் கிழவி வாங்கிய முதுமையோடு திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. ஊர் ஊராக நடந்தாள், அரசர்களிடையே தூது போனாள், மன்னனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னாள். முதுமை அவளுக்கு எங்கும் போக உரிமைச் சீட்டு. நாம் ஆத்திசூடியோடு அவளை நிறுத்திவிட்டு, வாழ்க்கைக்குப் பொருள் தேட ஜப்பானியச் சொல்லைத் தலைப்பாகப் போட்ட புத்தகங்களை வாங்கிக்கொண்டிருக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1919ல் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937ல், அவருக்கு 82 வயதில். 1940ல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கி, 1942ல் இறக்கும் ஆண்டுவரை எழுதினார். ஒரு வாரப் பத்திரிகை அவருடைய கையெழுத்துப் படிக்குக் காத்திருந்தது என்பதை மறக்கக்கூடாது.

இங்கே நம் எஸ்.ஆர். நாதன் இருந்தார். 1924ல் பிறந்தவர். 55ஐத் தொட்டது 1979ல். வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளர் பொறுப்பு அந்த ஆண்டுதான். பத்திரிகை நிறுவனத் தலைமை, மலேசியாவுக்குத் தூதர், அமெரிக்காவுக்குத் தூதர் எல்லாம் அதற்குப் பிறகு. அதிபரானது 75 வயதில். அந்தப் பதவியிலிருந்து 2011ல் இறங்கியபோது 87. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?" என்று யாராவது அவரை உட்கார வைத்திருந்தால் நாடு ஒரு அதிபரை இழந்திருக்கும். எல்லாரும் நாதன் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மூன்று வீட்டுக்கு மீன் வாங்கினால் போதும்.

பெண்கள் விஷயத்தில் இந்த நம்பிக்கை பச்சைப் பொய். பாட்டி 'சும்மா இருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டே பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர அவரைத்தான் அனுப்புகிறோம். வரி அதிகாரிக்கு மட்டும் உண்மை தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி இருந்தால் வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக் கழிவு உண்டு. கழிவு மகளின் கணக்கில், 'சும்மா' பாட்டியின் கணக்கில்.

இன்னொரு தவறும் கிளம்பியிருக்கிறது. உட்கார வைப்பது சரியில்லை என்று புரிந்தவர்கள் முதியவரைப் பொழுதுபோக்க வைக்கிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிப் பயிற்சி, பிங்கோ, கரவோக்கே. தனிமையில் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல், குறை சொல்லவில்லை. ஆனால் ஏன் பாடுகிறார் என்று கேட்டால், மறதி நோய் வராமல் இருக்க என்கிறார்கள். பாட்டைக்கூட மாத்திரையாக்கிவிட்டோம். நாளைக்கு அவர் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான். யாருக்கும் எந்த வேலையும் நிற்காது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1990களில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். உங்கள் உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவர்களை அழைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நீங்கள் தேவை என்று சொல்லி அழைத்தார்கள்.

"அப்படியானால் உணவங்காடியில் தட்டு எடுக்கும் தாத்தாவையும் பாராட்டுவீர்களா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். வாடகைக்கும் மருந்துக்கும் காசில்லாமல் முதுகு வளைய உழைப்பதைப் புனிதமாக்க நான் வரவில்லை. அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். அதற்குக் கையில் காசு வேண்டும். என் பெரியப்பாவுக்கு வேண்டும் என்று சொல்லும் உரிமை இருந்தது, அதை நாங்கள் பறித்தோம். இரண்டிலும் கேட்காமல் விட்டது அவரவர் விருப்பத்தை.

இன்னொரு முணுமுணுப்பும் கேட்கிறது: நம் சங்கங்களில் பெரியவர்கள் நாற்காலியை விட்டால்தானே? உண்மைதான். முப்பது வருடம் தலைவராக இருப்பவர்களை எனக்கும் தெரியும். அவர்களுக்கும் நான் வக்கீல் இல்லை. அவர்கள் இறங்கிவந்து இளைஞர்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கட்டும். பதவி வேறு, வேலை வேறு.

பெரியப்பா விழுந்த அன்று நாங்கள் செய்திருக்க வேண்டியது வேறு. நல்ல செருப்பு, இழுத்துப்போகும் சக்கரப் பை, ஞாயிற்றுக்கிழமை கூடப் போக ஒரு ஆள். மொத்தச் செலவு அந்தச் சாய்வு நாற்காலியின் விலையில் கால்வாசி வந்திருக்காது. தோன்றவில்லை. 'பாவம், வயசாயிடுச்சு' என்ற நினைப்பு முந்திக்கொண்டது. அவரும் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைகள் ஆசையாகச் சொல்கிறார்களே என்று உட்கார்ந்துவிட்டார்.

2030ல் இந்நாட்டுக் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள். அத்தனை பேருக்கும் நாற்காலி வாங்கிப் போடுவதாக உத்தேசமா? இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வேலையைக் கேட்டு ஒப்படையுங்கள். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஏய்க்க வேண்டாம். அவர் செய்யாவிட்டால் உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும், அப்படிப்பட்ட வேலையாகக் கொடுங்கள். கொடுத்தபின் அவருக்குத் தெரியாமல் அதை நீங்களே செய்து வைக்காதீர்கள்.