காய்ச்சலும் பாய்ச்சலும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். மழை பொய்த்தால் மற்ற அறங்கள் எல்லாமே ஆட்டங்காணும் என்பதை உணர்ந்து வைத்தார் போலும்! அந்த வானத்தின் போக்கு இன்று மாறி வருகிறது. அறிஞர்கள் அதனை மாநாடுகளில் பேசுகிறார்கள். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நெல் பயிரிடும் குடும்பம் ஒன்றில் பிறந்த நான், அதனை வரப்பின்மேல் நின்று பேச விரும்புகிறேன்.

வானத்தின் போக்கு

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. ஏழாண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், நம் அண்டை மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான்!

ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பருவநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். பெய்தால் பேய்மழை, இல்லையேல் வெயில் என்ற நிலைக்கு உழவன் ஆயத்தமாக வேண்டும்.

வயலிலிருந்து எழும் வாயு

உழவன் இம்மாற்றத்தால் துன்புறுபவன் மட்டுமல்லன். சிறிதளவு அதற்குக் காரணமும் ஆகிறான். நீர் தேங்கிய சேற்றில் உயிர்க்காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிரிகள் மட்கும் தாளையும் வேரையும் தின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டே குழாய்போல் அதனை மேலே ஏற்றிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

“நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செழித்த நாடுகள் இருக்க, ஒன்றரை ஏக்கர்க்காரனையா குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது?” என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முதற்கடன் அவர்களுடையதே. ஆனால் நமக்கு நன்மை தரும் ஒரு செயலை, அது பிறருக்கும் நன்மை தருகிறது என்பதற்காகச் செய்யாமல் விடுவது அறிவுடைமை ஆகுமா?

பழைய சொல், புதிய பொருள்

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பது நம் உழவர்களின் பழகிய சொல். வயலில் எப்போதும் நீர் நிற்கவிடாமல், கட்டிய நீர் வற்றிய பின் மறுபடி கட்டுவது அது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஓர் எளிய கருவியைப் பரவலாக்கியிருக்கிறது. பக்கங்களில் துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் பாதி புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இதனால் 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகும். மீத்தேனும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். முறையாகச் செய்தால் மகசூல் குறைவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காய்ந்து நனையும் வயலில் யூரியாவை அள்ளி இறைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு எழும். அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வலிமை உடையது. ஆகவே இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டுமே யூரியா இட வேண்டும்.

அச்சம் எங்கே இருக்கிறது?

இவ்வளவு எளிய முறை ஏன் பரவவில்லை? உழவனின் அறியாமை என்று மேடையில் சொல்லுவது எளிது. நான் என் தந்தையாரிடம் இதனை விளக்கினேன். அவர் சொன்னார்: “ஏப்பா, காயப் போடுறது பெரிசில்ல. அடுத்த தண்ணி என்னிக்கு வரும்னு யாரு சொல்லுவா?”

அக்கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. எங்கள் வயல் கண்மாயின் கடைமடையில் இருக்கிறது. அடுத்த முறைத் தண்ணீர் உறுதியில்லாதபோது, வந்த நீரை வயலிலேயே தேக்கி வைப்பது அறியாமை அன்று. அதுவே அவருடைய காப்பீடு! தேங்கிய நீர் களையையும் அடக்குகிறது. கிணறு வைத்திருப்பவருக்கோ மின்சாரம் இலவசம்; நீரைச் சேமித்தால் அவர் கைக்குக் காசு மிஞ்சுவதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. வங்கதேசத்தில் பல உழவர்கள் நீருக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிறார்கள். குறைவாகப் பாய்ச்சினாலும் கட்டணம் குறையாது. அதனால் அங்கே இம்முறை வேரூன்றவில்லை. பிலிப்பைன்சின் போகோல் தீவிலோ பாசனத் துறையே நாள் குறித்து முறை வைத்து நீர் விட்டது. கடைமடைக்கும் நீர் சென்றது. சாகுபடிப் பரப்பும் விரிந்தது. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது குழாயைப் பற்றிய சிக்கல் அன்று. மடையைப் பற்றிய சிக்கல் என்பது என் துணிபு.

செய்ய வேண்டியவை

முதலாவது, கண்மாயைத் தூர்வாருதல். மேற்கு மலையில் பெய்யும் மழையைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் மலையடிவாரத்தில் கண்மாய்களை வெட்டினார்கள். அவை மேடேறிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், பேய்மழையின் நீர் மறுகால் வழியே ஓடிவிடும்; அடுத்த மாதமே வறட்சி வரும். அள்ளும் கரம்பை வயலுக்கு உரம். அதற்கான அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்கலாம் என்று விதி எளிதாக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, நீர்பாய்ச்சி. முன்பு மடையைத் திறந்து அடைத்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் நீரைப் பங்கிட ஓர் ஆள் இருந்தார். களத்தில் நெல்லாகக் கூலி பெற்றார். பம்புசெட்டு வந்தபின் அப்பணி நலிந்தது. அதனை மீட்க வேண்டும். ஆனால் சாதியின் பெயரால் ஒருவர் தலையில் சுமத்தும் வேலையாக அல்லாமல், முறையான ஊதியம் பெறும் பொறுப்பாக மீட்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாக் காலத்திலும் நெல்லே வேண்டும் என்ற எண்ணத்தை விடுதல். நெல் அறுத்தபின் மாசிப்பட்டத்தில் பருத்தி போடுவது நம் பகுதிக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இவ்வூரின் பெயரைத் தாங்கிய எஸ்.வி.பி.ஆர். இரகங்கள் அங்கே உருவானவை. குறைந்த நீர், தேங்காத நிலம். மீத்தேனுக்கு அங்கே இடமில்லை.

நம் பங்கு

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் சாலை கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவை நல்லவையே. இவ்வாண்டு இன்னொன்றும் செய்வோம். ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுப்போம். மடையருகே ஒரு பலகை வைப்போம். கண்மாயில் எத்தனை அடி நீர் இருக்கிறது, அது இன்னும் எத்தனை பாய்ச்சலுக்கு வரும், அடுத்த முறை எந்த நாள் என்பதை ஊராரோடும் அதிகாரிகளோடும் பேசி வாரந்தோறும் எழுதுவோம். தலைமடையில் ஒன்றும் கடைமடையில் ஒன்றுமாக இரண்டு வயல்களில் குழாயைப் புதைத்து அளந்து பார்ப்போம். செலவு பெரிதன்று, பொருளியலும் வேதியியலும் படிக்கும் நமக்கு அது பாடமும் ஆகும்.

அடுத்த தண்ணீர் வரும் நாள் தெரிந்துவிட்டால் உழவன் துணிந்து வயலைக் காயவிடுவான். உலகத்துக்காக அவன் தியாகம் செய்ய வேண்டியதில்லை; தன் பயிருக்காகச் செய்வான். உலகமும் பயன்பெறும். அந்த நாளை அவனுக்குச் சொல்லுவது ஊரின் கடமை. ஊரோடு சேர்ந்து நம் கடமை.

— இளங்கலைப் பொருளியல், மூன்றாமாண்டு மாணவன்