ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு கேபிள்!

அன்று மாதத்தின் 20-ம் தேதி. வீட்டில் இருந்தபடியே நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு குடும்பத் தலைவியை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்கிறவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால், வரி கட்டவேண்டிய கடைக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். போனில் ஓ.டி.பி வந்துவிட்டது. திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மோடம் ஹாலில், கம்ப்யூட்டர் உள்ளறையில். நடுவே இரண்டு சுவர்களும் ஒரு இரும்பு பீரோவும்.

"பிளானை மாத்திடலாம்" என்கிறார் கணவர். "புது ரவுட்டர் வாங்கணும்மா" என்கிறான் மகன். இரண்டுக்கும் அவசரமில்லை. முதலில் ஒரு கேபிளைச் செருகிப் பார்க்கலாம்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் பின்புறம் 'லேன்' என்று எழுதிய துளை இருக்கும். டெஸ்க்டாப்பின் முதுகிலும் அதே அளவில் ஒன்று இருக்கும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தால் வேலை முடிந்தது. வைஃபை சிக்னலுக்குச் சுவரும் இடைஞ்சல், பீரோவும் இடைஞ்சல். பக்கத்து வீட்டு வைஃபையும், ஓடுகிற மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதோடு மல்லுக்கட்டும். கேபிளுக்கு இந்தக் கவலை கிடையாது.

கடையில் 'கேட்-5இ' அல்லது 'கேட்-6' என்று கேட்டு வாங்குங்கள். சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி வருகிற நீளத்தை அளந்துகொண்டு போவது நல்லது. நேர்க்கோட்டில் அளந்துவிட்டு, பிறகு கால் தடுக்குகிற உயரத்தில் கேபிள் தொங்குகிற வீடுகள் நிறைய. 100 மீட்டர் வரை வேகம் குறையாது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்று அறுந்திருந்தாலும், அதிகபட்சம் 100 எம்.பி.பி.எஸ்-ஸிலேயே வேகம் நின்றுவிடலாம். 300 எம்.பி.பி.எஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பி.எஸ்.என்.எல் 2005-ல் 'டேட்டா ஒன்' பிராட்பேண்டைக் கொண்டுவந்த காலத்தில் பல வீடுகளில் இருந்தது இந்த ஏற்பாடுதான். ஒரு மோடம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேபிள். திரையில் இருக்கும் 'பிராட்பேண்ட்' ஐகானைத் தட்டி, யூஸர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் நெட் வரும். இதற்கு 'பிரிட்ஜ் மோடு' என்று பெயர்.

இன்றைக்கும் சில வீடுகளில் பெட்டி அந்த மோடில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ரவுட்டராக வேலை செய்யும் பெட்டி, வெளியிலிருந்து வருகிற அழையா விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிடும். பிரிட்ஜ் மோடில் அந்தக் காவல் இல்லை. கம்ப்யூட்டரே நேராகத் தெருவில் நிற்கிற மாதிரி. அதனால் விண்டோஸ் ஃபயர்வால் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். இணைப்பு எந்த வகை என்று விண்டோஸ் கேட்டால், சொந்த வீடுதானே என்று 'பிரைவேட்' கொடுக்காதீர்கள். 'பப்ளிக்' கொடுங்கள். பாங்க் கணக்கும் வாடிக்கையாளரின் பான் எண்ணும் உள்ள கம்ப்யூட்டர் அது.

உங்கள் பெட்டி எந்த மோடில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேபிளைச் செருகியதும் எதுவும் கேட்காமல் நெட் வந்தால், பெரும்பாலும் ரவுட்டர் மோடு. கம்ப்யூட்டரிலேயே தினமும் 'கனெக்ட்' தட்டவேண்டி இருந்தால் பிரிட்ஜ். ரவுட்டர் மோடு என்றால், பெட்டியின் செட்டிங்ஸைத் திறக்கும் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் வைஃபை பயன்படுத்தவில்லை என்றால், அதே செட்டிங்ஸில் அதை அணைத்தும் வைக்கலாம்.

பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிதாக வாங்கிச் செருகும்போது சில இணைப்புகளில் நெட் வராது. பழைய கம்ப்யூட்டரின் அடையாள எண்ணையே மோடமோ கம்பெனியோ நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். மோடத்தை அணைத்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். அப்போதும் வராவிட்டால் கம்பெனிக்கு போன் செய்து 'மேக் ஐடி மாத்திக் கொடுங்க' என்று சொன்னால் போதும்.

ஃபைபர் இணைப்பில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், கோளாறு கம்ப்யூட்டரிலும் இல்லை, லேன் கேபிளிலும் இல்லை. ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடுங்கி, முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து மட்டும் பார்க்க வேண்டாம். உள்ளே வருவது லேசர்.

கரன்ட் போனால்? மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ் கிடைக்கிறது. வாங்குமுன் மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டெஸ்க்டாப்புக்கு அது தாங்காது. அதற்குத் தனி யு.பி.எஸ் வேண்டும்.