ஏன் முன்பே வரவில்லை?

"ஏனம்மா, முன்பே வரவில்லை?"

மார்பகத்தில் கட்டி முற்றி, புண்ணாகி, வேதனை பொறுக்கமாட்டாமல் வந்து நிற்கும் ஏழைத்தாயிடம் மருத்துவர் கேட்கும் கேள்வி இது. அவள் தலைகுனிந்து நிற்கிறாள். பதில் இல்லாததால் அல்ல, தோழர்களே! பதிலைச் சொன்னால் அவளைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டி வரும் — அதனால்!

அவள் சொல்லாத பதிலை நாம் சொல்கிறோம்.

முதற் பதில் — கூலி. போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் ஜீப்புகள் உறுமுகின்றன. தூக்குச்சட்டிச் சோற்றுடன் பெண்கள் ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்து ஏலமலைக்குப் போகிறார்கள். களை பறிக்கிறார்கள், காய் எடுக்கிறார்கள், அட்டைக்கு இரத்தம் தருகிறார்கள், அந்தி சாய்ந்து வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறார்கள். நறுமணப் பொருள்களின் அரசி என்று ஏலக்காய்க்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். அந்த அரசியைப் பறிப்பவளோ அன்றாடங்காய்ச்சி!

இவள் மார்பில் ஒருநாள் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. அதுதான் இந்த நோயின் வஞ்சகம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழப்பாளா? தோட்டக்காரர் மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த மத்தியச் சட்டத்தில் ஏலத்தோட்டம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களையும், 15 பேருக்குக் குறைந்த தோட்டங்களையும் அது பொதுவாகத் தொடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறியது. ஜீப்பில் போகிறவளின் கவலை மாறியதா?

இரண்டாம் பதில் — வாய்ப்பூட்டு. 1968-இல் அறிஞர் அண்ணா புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற நியூயார்க் சென்றார். நாடே கலங்கிற்று. உணவுக்குழாயில் புற்று என்று மூலை முடுக்கெல்லாம் பேசினர். 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தபோது சென்னை கண்ணீர்க் கடலாயிற்று. காஞ்சியில் அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனையே நிற்கிறது. தலைவனின் நோயை உரக்கப் பேசிய நாட்டில், மனைவியின் நோயை முணுமுணுக்கவும் ஆள் இல்லையே, ஏன்? மார்பகம் என்ற சொல்லை மருத்துவத்துக்காகச் சொல்லவும் நாக்கு கூசுகிறதே, ஏன்? மேடையிலே அஞ்சாமல் முழங்கும் நாக்கு வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒட்டிக்கொள்வானேன்?

1974-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு, மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டார். மறைக்கவில்லை, உலகறியச் சொன்னார். அந்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பரிசோதனைக்குத் திரண்டனர். சில வாரங்களில், துணைத் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவிக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பெண் வாய் திறந்தாள். பல பெண்கள் உயிர் பிழைக்க வழி திறந்தது!

மூன்றாம் பதில் — பயம். "தலையெழுத்து" என்கிறார்கள். "கத்தி பட்டால் பரவும்" என்கிறார்கள். "ஒட்டிக்கொள்ளும், தட்டைத் தனியே வை" என்கிறார்கள். மூன்றும் பொய்! புற்று தொற்றுநோய் அல்ல. ஊசிவைத்துச் சதை எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவும் என்பது கட்டுக்கதை. கட்டி எல்லாம் புற்றும் அல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவை. அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவர், குறிகாரர் அல்ல. தொடக்கத்தில் கண்டால், மார்பகம் முழுவதையும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தும் உயிர்காக்கலாம் என்று பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் ஆய்வு 1985-இல் காட்டிவிட்டது. மருந்து ஏற்றினால் முடி கொட்டும், மீண்டும் முளைக்கும். மார்பகத்தை எடுத்தே தீரவேண்டும் என்றாலும், அவள் அதே தாய்தான், அதே மனைவிதான். அந்நேரத்தில் அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்துகிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் அவன் நம்மவன் அல்லன்!

பயத்தின் விலை என்ன? 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டைப் பாருங்கள். இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்று கண்டோர் ஏறத்தாழ 1,92,000. அதே ஆண்டில் அந்நோயால் மாண்டோர் ஏறத்தாழ 98,000. உலகம் முழுவதற்கும் 23 லட்சம் பேருக்கு நோய், 6.7 லட்சம் பேர் மரணம். நோயாளர் எண்ணிக்கைக்கு எதிரே வைத்தால் உலகத்தில் மரணம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நாட்டில் பாதி! நோய் ஒன்றுதான். கண்டுபிடிக்கும் காலமும் கிடைக்கும் சிகிச்சையும்தான் வேறு.

நான்காம் பதில் — பூட்டிய வீட்டைத் தட்டும் பரிசோதனை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், மருத்துவத்தை வாசற்படிக்குக் கொண்டுவந்தது. பெருமைக்குரியது, வரவேற்றோம். ஆனால் பணியாளர் பகல் பத்து மணிக்கு வந்தால், மலைக்குப் போன பெண் வீட்டிலா இருப்பாள்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில், மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! தமிழ்நாடு முன்னே நிற்கிறது. ஆனாலும் பத்துக்கு ஒருவர் இல்லை. இந்நிலையில் அக்டோபர் மாதம் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போட்டால், அந்த வெளிச்சம் போடிமெட்டு ஏறுமா?

பெரும் பணம் வேண்டுமே என்பார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். குடிசைப் பகுதிப் பெண்கள் 1,51,538 பேர். பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதிக்கச் செய்தனர். 2021-இல் வெளியான முடிவு: பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டது, 50 வயதைத் தாண்டியோரிடம் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50-க்கு உட்பட்டோரிடம் அத்தகைய குறைவு தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். பெரிய எந்திரம் இல்லை. பயிற்சி பெற்ற பெண்ணின் பத்து விரல்கள்! போடி ஏலக்காய்க் கிடங்கில் பிளந்த காயையும் பருத்த காயையும் நொடியில் பிரிக்கும் விரல்களுக்கு இந்தப் பயிற்சி எட்டாக்கனியா?

வழியும் புதிதல்ல. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. தேவதாசி முறையை எதிர்த்த அதே உறுதியுடன் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். துயரத்தைக் கட்டடமாக்கியவர் அவர்.

ஆகவே கேட்கிறோம். கோட்டையில் எவர் இருந்தாலும் கேட்போம்! ஜீப் புறப்படும் இடத்தில், ஜீப் புறப்படும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், பெண் பணியாளரைக் கொண்டு பரிசோதனை நடக்கட்டும். 2016-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டு நெறி ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றது. மும்பை காட்டியபடி இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆகட்டும். பரிசோதனை நாளுக்கும் சிகிச்சை நாளுக்கும் தோட்டக்காரர் கூலி தரட்டும். தேனியும் இடுக்கியும் ஒரே பதிவேடு வைக்கட்டும்; மலைக்கு அப்பால் கண்ட கட்டி, மலைக்கு இப்பால் மறக்கப்படக் கூடாது.

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. இன்றிரவே வீட்டில் கேளுங்கள்: கட்டி உண்டா? தோல் குழிந்திருக்கிறதா? காம்பு உள்ளிழுத்திருக்கிறதா? இரத்தம் கசிகிறதா? அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் போடி அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வேண்டுமானால் தேனி, அதற்குமேல் மதுரை. 2023 சூன் 15 முதல் போடிக்கு ரயிலும் திரும்பிவிட்டது. மாநாட்டுக்கு வண்டி பிடிக்கத் தெரிந்த நமக்கு, மனைவியின் உயிருக்கு வண்டி பிடிக்கத் தெரியாதா? படிப்பகத்தில் இதை உரக்கப் படியுங்கள். ஆண்கள் கேட்கட்டும், ஆணுக்கும் இந்நோய் அரிதாக வருவதுண்டு என்பதையும் அறியட்டும்.

அவள் கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே மருத்துவர்முன் நிற்கவேண்டும். பக்கத்தில் கணவனும் நிற்கவேண்டும்!