இடமாற்றத்தோடு போய்விடும் பாடக்குறிப்புகள்

ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது பிரியாவிடை விழா எடுக்கிறோம். நினைவுப் பரிசு வழங்குகிறோம். ஆனால் அவர் பல ஆண்டுகளாகக் கணினியில் சேர்த்துவைத்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் எங்கே என்று கேட்பதில்லை. அவை அவரது பென்ட்ரைவிலேயே போய்விடுகின்றன. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இதனை நாம் ஓர் இழப்பாகவே கருதாதிருப்பதுதான் என் கவலை.

தமிழ்மொழி மூலம் கற்கும் எமக்குத் துணைநூல்கள் குறைவு. பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் மாணவிக்கு நகரத்து டியூஷன் வகுப்புக்கான பஸ் கட்டணமே பெரும் செலவு. ஆசிரியரின் குறிப்புத்தான் அவளுக்குத் துணைநூல். அதனைப் பாதுகாப்பது பாடசாலையின் கடமை என்பேன்.

கோப்புகளைப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. எமது ஆசிரியர்கள் பலர் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதிப் பழகியவர்கள். பாமினியில் அடித்த ‘அம்மா’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே தெரியும். பீடிஎஃப் ஆக மாற்றினால் வாசிக்கலாம். ஆனால் அடுத்த ஆசிரியர் அதனை எளிதில் திருத்திப் பயன்படுத்த முடியாது. யுனிகோட் எனும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதில் அடித்தவை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். “பழகிய விரல்களை எப்படி மாற்றுவது?” என்று கேட்கலாம். மாற்றவே வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைமுறையிலேயே ஒருங்குறியில் அடிக்கலாம்.

கோப்பின் பெயரும் முக்கியம். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்ற பெயர்கள் எவருக்கும் உதவா. ஆண்டு, தரம், பாடம், தவணை என்ற ஒழுங்கில் பெயரிட்டால் எவரும் தேடி எடுக்கலாம். பென்ட்ரைவிலிருந்து மாற்றும்போது வெட்டி ஒட்டாமல் பிரதி எடுத்து, புதிய இடத்தில் திறக்கிறதா என்று பார்த்த பின்பே பழையதை அழிக்க வேண்டும்.

ஒரே ஒரு பிரதியை நம்பியிருப்பதும் ஆபத்து. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் இணையத்தில் பேணுகிறது. மண்சரிவு எச்சரிக்கைகளைக் கேட்டு வளர்ந்த பதுளை மாவட்டத்தவருக்கு, இரண்டாவது பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

“இது என் உழைப்பு, ஏன் கொடுக்க வேண்டும்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. கொடுப்பது அவர் விருப்பம். கொடுத்தால், ஒவ்வொரு கோப்பின் முதற் பக்கத்திலும் அவர் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயர் நினைவுப் பரிசைவிட நீண்ட காலம் வாழும்.

இவ்வேலையில் கணினி தெரிந்த மாணவிகள் கைகொடுக்கலாம். ஆனால் புள்ளிப்பட்டியல்களும் இன்னும் நடைபெறாத பரீட்சைகளின் வினாத்தாள்களும் அமானிதம். அவற்றை ஆசிரியர்களே கையாள வேண்டும். கோப்பை நகர்த்தத் தெரிந்தவள் என்பதால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் உரிமை எமக்கு வந்துவிடாது.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு வெளிவன்தட்டுகள் வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள். ஒன்று அதிபர் அலுவலகத்திலும் மற்றொன்று வேறொரு கட்டடத்திலும் இருக்கட்டும். அடுத்த இடமாற்றக் கடிதம் வருவதற்கு முன்பே இந்த வேலை முடிய வேண்டும்.