ஆயில் கூடுனா சந்தோஷப்படாதீங்க

டிராக்டர் வச்சிருக்கிற யாராவது "என் வண்டியில ஆயில் சொட்டுக்கூட குறையலண்ணே, இன்னும் கேட்டா கூடத்தான் இருக்கு"ன்னு பெருமையாச் சொன்னா எனக்கு வயித்தைக் கலக்கும். உழவு ஓட்டுற வண்டியில ஆயில் கொஞ்சம் குறையலாம், அப்படியே நிக்கலாம். ஏறுறதுக்கு வழியே கிடையாது. என்ஜினுக்குள்ள ஆயில் ஊறாது, அது என்ன கிணறா? ஏறுதுன்னா வேற ஏதோ உள்ள போய்க் கலக்குதுன்னு அர்த்தம். மாட்டுக்கு வயிறு உப்பினா நல்லா மேய்ஞ்சிருக்குன்னு விட்டுட்டுப் போவோமா?

இதை நான் அனுபவத்துல எழுதுறேன். அனுபவம் என் தங்கச்சி வீட்டுக்காரரோடது, பக்கத்துல நின்னு தப்பாத் தலையாட்டினது நான்.

கஜா புயலுக்கு ரெண்டு வருஷம் முந்தி இருக்கும். மச்சானோட பழைய 35 எச்.பி. வண்டி. காலையில கம்பியை உருவினா ஃபுல் கோட்டுக்கு மேல அரை விரக்கடை நிக்குது. நான்தான் சொன்னேன், "போன தடவை கூட ஊத்திருப்பீங்க மச்சான்"னு. பத்து நாள்ல இன்னும் ஏறுச்சு. வண்டி சூடானா ஆயில் பிரஷர் முள்ளு கீழ படுக்குது. மெக்கானிக் வந்தார், ஆயிலை மோந்து பார்த்தார், "டீசல் கலந்திருக்கு, ரிங் போயிருச்சு, போர் வேலை பார்த்துரணும்"னார். டீசல் கலந்திருக்குன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. ரிங் போயிருச்சுங்கிறதுதான் ஊகம். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. தங்கச்சி சங்கிலி அடகுக்குப் போச்சு. ஸ்லீவு, பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல.

மூணு வாரத்துல ஆயில் மறுபடி ஏறிருச்சு. "புது ரிங்கு, செட்டாகணும், ஓட ஓட சரியாகிரும்"னாங்க. ஓட்டினோம். புரட்டாசி உழவு நடுவுல கிராங்க் பேரிங் தட்ட ஆரம்பிச்சது. மழை விழுந்து மண்ணு பதமா இருக்கு, வண்டி வரப்போரமா நிக்குது. எங்க பக்கம் கண்மாயை நம்பி ஒரு போகம் பண்றவங்களுக்கு அந்தப் பத்து நாள் போனா அந்த வருஷமே போச்சு.

அப்பதான் ஆலங்குடிப் பக்கம் டீசல் பம்ப் வேலை பார்த்து ஓய்ஞ்சு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தோம். வண்டியைக்கூடப் பார்க்கலை. திண்ணையில உட்கார்ந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆயிலு வண்டி நிக்கிறப்ப ஏறுதா, ஓடுறப்ப ஏறுதா?"

மச்சான் என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன். அறுபதாயிரம் செலவழிக்கிறதுக்கு முந்தி அந்தக் கேள்வியை யாரும் கேட்கலை. எங்களுக்கும் தோணலை.

அவர் சொன்ன சோதனை ரெண்டு ராத்திரி வேலை. வண்டியைச் சமதரையில நிறுத்தி, ஆயில் வடிஞ்சு இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் விட்டு, கம்பியில ஆயில் நிக்கிற இடத்தைக் குறிச்சுக்கணும். முதல் ராத்திரி டேங்க் அடியில இருக்கிற டீசல் டேப்பை மூடிட்டுப் படுக்கணும். காலையில பார்த்தா அதே அளவு. மறுநாள் ராத்திரி டேப்பைத் திறந்து விட்டுட்டுப் படுத்தோம். வண்டியை அசைக்கலை, ஸ்டார்ட் பண்ணலை. விடிஞ்சு பார்த்தா கம்பியில ஆயில் ஏறி நிக்குது!

நிக்கிற வண்டியில பிஸ்டன் ஓடலை, நாசில் அடிக்கலை. ரிங் வழியா டீசல் இறங்க வழியே இல்லை. அப்ப டேங்க் உயரத்துல இருக்கிறதால டீசல் தானா இறங்கி எங்கேயோ ஓட்டை வழியா உள்ள போகுது. அந்த மாதிரி வண்டியில அதுக்கு ரெண்டே இடம்தான். ஒண்ணு ஃபீட் பம்ப். என்ஜின் பக்கவாட்டுல மாட்டியிருக்கும், கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட உள்ள இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் ஏறி இறங்கி டீசலைத் தள்ளும். அந்த ரப்பர் கிழிஞ்சா டீசல் நேரா சம்புக்குள்ள போகும். இன்னொண்ணு மெயின் பம்போட ஷாஃப்ட் சீல். ரோட்டரி பம்பா இருந்தா சீல் வழியா டைமிங் கியர் பக்கம் கசிஞ்சு அங்கிருந்து சம்புக்கு இறங்கும்.

ஃபீட் பம்பைக் கழட்டிப் பார்த்தோம். என்ஜின் பக்கத்துக் கையெல்லாம் டீசல்ல குளிச்சுக் கிடக்கு. ரப்பர்ல நகம் நுழையற அளவு விரிசல். பார்ட்ஸ் விலை ஆயிரத்துச் சொச்சம். அது நல்லா இருந்திருந்தா, அந்த ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சுட்டு, டேங்க்ல இருந்து ட்யூப் போட்டு ஃபில்டருக்கு நேரா விட்டு இன்னொரு ராத்திரி பாருங்கன்னார். அப்பவும் ஏறினா பம்ப் சீல்தான். (பம்புன்னா எங்க பக்கம் மைக்கோ பம்ப்தான். கம்பெனி பேரு பாஷ்னு மாறி 2008-லயே போர்டு மாட்டியாச்சு, எங்க வாய்க்கு இன்னும் வரலை.)

டீசல் கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை இல்லை. மோந்து பார்த்தாலே தெரியும். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சா வழவழப்பு இருக்காது, தண்ணியா ஓடும். சந்தேகமா இருந்தா தகரத்தைச் சாய்ச்சு வச்சு, அதே பிராண்ட் புது ஆயில் ஒரு சொட்டு, வண்டி ஆயில் ஒரு சொட்டு, ஒரே நேரத்துல விடுங்க. வண்டி ஆயில் ரொம்ப முந்தி ஓடினா கலப்படம். நியூஸ்பேப்பர்ல சொட்டு விட்டா, கறுப்புக்கு வெளியே எண்ணெய் வளையம் அகலமாப் பரவும். ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி வெளுத்திருந்தா அது டீசல் இல்லை, தண்ணி. அதுக்கு ஹெட் கேஸ்கெட் பக்கம் போகணும். ஏறியிருக்கு, ஆனா கெட்டியாவே இருக்கு, வாசமும் இல்லைன்னா ஹைட்ராலிக் ஆயில் வருதான்னு பார்க்கணும், என்ஜினோட சேர்த்து ஹைட்ராலிக் பம்ப் மாட்டின வண்டியில சீல் போனா அப்படி வரும்.

சரி, கலந்தா என்ன? டப்பாவுல 15டபிள்யூ40-ன்னு போட்டிருக்கே, அந்தக் கடைசி 40 நூறு டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கணும்ங்கிற கணக்கு. டீசல் கலந்தா அந்தக் கெட்டி போயிரும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல நிக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுந்துரும், இரும்பும் இரும்பும் உரசும். எங்களுக்கு நடந்தது அதான்.

அதைவிட மோசமா ஒண்ணு உண்டு. ஆயில் ரொம்ப ஏறி, என்ஜின் அந்த ஆயிலையே ஆவியாவும் துளியாவும் இழுத்து எரிக்க ஆரம்பிச்சா, டீசலை நிறுத்தினாலும் வண்டி நிக்காது. ரேஸ் ஏறிக்கிட்டே போகும். சாவியைத் திருகிப் பிரயோஜனம் இல்லை. கியர்ல போட்டு அமுக்கி நிறுத்தணும், இல்லைன்னா காத்து இழுக்கிற வாயைப் பலகை வச்சு அடைக்கணும். கையை வச்சுராதீங்க, இழுத்துரும். அதனால ஆயில் கோட்டுக்கு மேல நிக்குதுன்னு தெரிஞ்சா "வீட்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருவோம்"னு நினைக்காம அங்கேயே நிறுத்துங்க. மேல இருக்கிறதை மட்டும் வடிச்சுட்டு ஓட்டுறதும் தப்பு. மிச்சம் இருக்கிறதும் கலப்பட ஆயில்தான். ஓட்டையை அடைச்சுட்டு ஆயிலும் ஃபில்டரும் மொத்தமா மாத்தணும்.

ஓடுறப்ப ஏறுற கதை வேற. நாசில் பூ மாதிரி தூவாம ஒழுகினா, எரியாத டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ரிங்கைத் தாண்டி இறங்கும். கூடவே கறும்புகையோ வெள்ளைப்புகையோ வரும், ஒரு சிலிண்டர் இடிக்கும். ஒவ்வொரு நாசிலாக் கழட்டி டெஸ்டர்ல போட்டா அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். என்ஜின் சூடே ஏறாம சும்மா ஓடினாலும் இதே கதைதான். 2018 நவம்பர் 16-ல கஜா அடிச்சப்ப இதைக் கண்ணால பார்த்தேன். கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் விழுந்ததோட போஸ்டும் விழுந்து வாரக்கணக்குல கரண்ட் இல்லை. தண்ணிக்கு ஜெனரேட்டர்தான். எங்கிருந்தோ பெரிய ஜெனரேட்டர் கொண்டாந்து பகல்ல மோட்டார் ஓட்டுவாங்க. ராத்திரியில அதே பெரிய மிஷின்ல ஊர்ச் செல்போனை எல்லாம் சார்ஜ் போடுவாங்க. யானையைக் கட்டி ஏத்தம் இறைச்ச மாதிரி. லோடு இல்லாததால என்ஜின் சூடாகாது, டீசல் முழுசா எரியாது, சைலன்சர்ல கறுப்பா வடியும், மிச்சம் ஆயிலுக்குள்ள இறங்கும். நாலாம் நாள் கம்பியைப் பார்த்த ஆபரேட்டர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த நேரத்துல அவரையும் குத்தம் சொல்ல முடியாது. சனத்துக்குப் போன் வேணும்.

இதெல்லாம் எங்களுக்கு எதுக்குன்னு பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க நினைக்கலாம். டீசல் கார் வச்சிருக்கீங்கன்னா உங்களுக்குத்தான். 2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ். 6 வந்துச்சு. டீசல்ல கந்தகத்தைப் பத்து லட்சத்துல 50 பங்குல இருந்து 10 பங்குக்குக் குறைச்சாங்க, வண்டிப் புகைக் குழாய்ல கரியைப் பிடிச்சு வைக்க டி.பி.எஃப்.னு ஒரு வடிகட்டி வச்சாங்க. நல்ல காரியம், நான் குறை சொல்லலை. அந்த வடிகட்டி நிறைஞ்சா அதை எரிச்சுச் சுத்தம் பண்ணணும், அதுக்கு 600 டிகிரி கிட்டச் சூடு வேணும். அந்தச் சூட்டுக்காக நிறைய வண்டிகள்ல என்ஜினே கொஞ்சம் டீசலைத் தாமதமா, எரிஞ்சு முடிஞ்ச பிறகு சிலிண்டருக்குள்ள அடிக்கும். அதுல ஒரு பங்கு சுவர்ல வழிஞ்சு ஆயிலுக்குப் போகும். நெடுஞ்சாலையில ஓட்டுறவங்களுக்கு இது எப்பவாவது நடந்து முழுசா முடியும். தினம் மூணு கிலோமீட்டர் போய் சிக்னல்ல நின்னு ஆபீஸ்ல நிறுத்துறவங்களுக்குப் பாதியில அறுந்துரும், நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழ. பெட்ரோல் கலந்தாலாவது ஆயில் சூட்டுல பெரும்பங்கு ஆவியாகும், டீசல் லேசுல போகாது. ஜப்பான் மஸ்தா கம்பெனி அவங்க டீசல் காரோட ஆயில் கம்பியில ஃபுல் கோட்டுக்கு மேல தனியா ஒரு எக்ஸ் குறியே போட்டு விட்டாங்க, அதைத் தொட்டா ஆயிலை மாத்துன்னு. ஏறும்னு தெரிஞ்சு குறி போட்டாங்க பாருங்க, அது நேர்மை.

என் அண்ணன் மகன் சென்னையில இப்படி ஒரு வண்டி வச்சிருக்கான். போன பொங்கலுக்கு வந்தப்ப "கம்பியை உருவுடா"ன்னேன். "எந்தக் கம்பி சித்தப்பா?"ன்னான். மூணு வருஷமா ஓட்டுறான், பானெட்டைத் திறந்ததில்லை. துடைச்சு விட்டு எடுத்துப் பார்த்தா கோட்டுக்கு மேல, வாசமும் இருக்கு. ஆயிலை மாத்தி விட்டான். இப்ப ஞாயித்துக்கிழமை 20 நிமிஷத்துக்குக் குறையாம ஒரே வேகத்துல பைபாஸ்ல ஓட்டிட்டு வர்றான். எங்க பக்கத்துலயும் 50 எச்.பி.க்கு மேல இருக்கிற டிராக்டருக்கு 2023 ஜனவரியில இருந்து புது மாசு விதி வந்தாச்சு. பெரிய வண்டியெல்லாம் காமன் ரெயிலுக்குப் போகுது. நாளைக்கு நாங்களும் டேப்பை மூடித் திறந்து பார்த்து எல்லாத்தையும் கண்டுபிடிச்சுர முடியாது.

மெக்கானிக்கைத் திட்டுறதுக்கு இதை எழுதலை. குத்தம் எங்க மேலயும் இருக்கு. டாக்டர்கிட்ட போனா நாடி பார்த்ததுக்கே முந்நூறு ரூபா வச்சுட்டு வர்றோம். மெக்கானிக் வந்து ரெண்டு நாள் பார்த்து, "ஒண்ணுமில்லை, ஆயிரம் ரூபா பார்ட்ஸ்தான்"னு சொன்னா ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புறோம். என்ஜினைப் பிரிச்சுப் பரப்பி வச்சாத்தான் கூலி. அப்படின்னா அவர் பிரிக்கத்தான் செய்வார். பார்த்துச் சொல்றதுக்குன்னு ஒரு கூலி நாம வைக்காத வரைக்கும் போர் வேலை நிக்காது. நான் இப்ப வச்சிருக்கேன். வந்து பார்த்தா ஐந்நூறு, வேலை இருக்கோ இல்லையோ. முதல்ல கூச்சப்பட்டாங்க, இப்ப நிதானமாப் பார்க்கிறாங்க.

டிராக்டர் விக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாவி கொடுக்கிறப்ப மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, போட்டோ எடுக்கிறீங்க. அதோட அரை மணி நேரம் அந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகளையும் பொம்பளைகளையும் கூப்பிட்டு நிறுத்தி, கம்பி எங்க இருக்கு, கோடு எது, மேல போனா என்ன, கீழ போனா என்னன்னு காட்டிருங்களேன். எங்க வீட்டுல இப்ப தினம் காலையில கம்பி பார்க்கிறது என் மனைவிதான், காலண்டர்ல ஒரு கோடு போட்டு வைக்கும்.

மச்சான் வண்டிக்குக் கிராங்க் அடிச்சு, பேரிங் மாத்தி, ஃபீட் பம்பும் புதுசு போட்டு அடுத்த வருஷ உழவுக்குத்தான் இறங்குச்சு. இன்னும் ஓடுது. தங்கச்சி சங்கிலி திரும்ப மூணு வருஷம் ஆச்சு. அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கம்பியைத் துடைக்கிறதுக்குப் பழைய வேட்டித் துணியைத்தான் கிழிச்சுக் கொடுத்து அனுப்பும், பனியன் துணின்னா நூல் உதிர்ந்து கம்பியோட உள்ள போயிருமாம்.