கிடங்கு வாசலில் பட்டதாரி

"பையன் என்ன படித்திருக்கிறான்?" என்று உறவினர் கேட்கிறார்.

"லாஜிஸ்டிக்ஸ்" என்கிறார் தகப்பனார்.

"அப்படியென்றால்?"

தகப்பனார் சற்றுத் தயங்குகிறார். "சரக்கு அனுப்புவது, வாங்குவது, கிடங்கு நிர்வாகம்..." என்று இழுக்கிறார்.

"ஓகோ! லாரி ஆபீஸ் உத்தியோகமா?" என்று கேட்டுவிட்டு உறவினர் மிச்சக் காப்பியைக் குடித்து முடிக்கிறார்.

இந்தக் காட்சி தமிழ்நாட்டில் இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. உறவினர் கேட்டதில் ஏளனம் இருக்கிறது; ஆனாலும் பாதி உண்மையும் இருக்கிறது. படித்த பிள்ளையோ அது முழுப் பொய் என்று நம்பிக்கொண்டு வேலைக்குப் போகிறான். குளிர்சாதன அறை, கம்ப்யூட்டர், சுவரில் உலகப் படம், கப்பல்களின் போக்கைக் காட்டும் திரை, இவைதான் அவன் மனத்தில் இருப்பவை. போய்ச் சேருகிற இடமோ ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்து ஆரம்பமாகிறது சங்கடம்.

தொழில் வளர்ந்த விதம்

சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது பழைய தொழில்தான். நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் அதை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாறுதல்கள் அதைக் கல்லூரிப் பாடமாக்கிவிட்டன.

முதலாவது, பெட்டி. 1956-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போட்ட காலம் அன்றோடு முடியத் தொடங்கியது. இன்று திருப்பூர் பனியனும் ஒரகடத்து இயந்திர உறுப்பும் அந்தப் பெட்டிக்குள் அடைந்துதான் கடல் கடக்கின்றன.

இரண்டாவது, வரி. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வருவதற்கு முன்பு, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு நேரே விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி உண்டு. தன் சொந்தக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து விற்றால் அந்த வரி இல்லை. ஆகவே கம்பெனிகள் மாநிலத்துக்கொரு கிடங்கு வைத்துக்கொண்டிருந்தன. புது வரி வந்ததும் அந்த அவசியம் போயிற்று. மூன்று நான்கு மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரே பெரிய கிடங்கு போதும் என்றாயிற்று. அதே வருஷம் நவம்பரில் மத்திய சர்க்கார் இத்துறைக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்ற அந்தஸ்தையும் அளித்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தில் முளைத்திருக்கும் கூடாரம் போன்ற நீண்ட கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். ஊர்க் கோவிலை அடையாளம் சொல்லி வழி கேட்ட இடங்களில் இன்று கிடங்கின் பெயரைச் சொல்லி வழி கேட்கிறார்கள்.

கிடங்கு பெருகினால் ஆள் வேண்டும். கல்லூரிகள் விடுமா? பி.பி.ஏ.விலும் பி.காமிலும் 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஒரு வாலைச் சேர்த்துப் பிள்ளைகளை வரவேற்றன. சில கல்லூரிகள் நன்றாகவே நடத்துகின்றன. சில கல்லூரிகளில் மூன்று வருஷம் படித்த மாணவன் ஒரு லாரி ரசீதைக் கையால் தொட்டிருப்பதில்லை.

இரவு இரண்டு மணிக்கு

நம் வாசகர் வீட்டுப் பிள்ளை ஒருவன் என்றே வைத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஸ்ரீபெரும்புதூர்க் கிடங்கொன்றில் இரவு ஷிப்டு. நியமன உத்தரவில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று அச்சிட்டிருக்கிறது. கையில் ஒரு கருவி. அதனால் பெட்டிகளின் கோட்டுக் குறிகளைப் படித்துக்கொண்டே போக வேண்டும். கணக்கில் 240, கையில் 237 என்றால் அந்த மூன்று எங்கே என்று தேட வேண்டும். வாசலில் பன்னிரண்டு லாரி நிற்கிறது. இறக்கும் இடம் ஆறுதான். "தம்பி, காலையிலேருந்து நிக்கிறேன்" என்று டிரைவர் ஒருவர் சத்தம் போடுகிறார். அவர் சொல்வதும் நியாயந்தான்.

இவையெல்லாம் உடல் வருத்தம், பழகிவிடும். பழகாத ஒன்று வேறு இருக்கிறது.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக 'இ-வே பில்' என்ற மின்னணுச் சீட்டு வேண்டும் என்பது 2018 ஏப்ரலில் வந்த விதி. 2021 ஜனவரி முதல், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அந்தச் சீட்டின் ஆயுள் கணக்கு. சென்னைப் பக்கமிருந்து நாகபுரி சுமார் 1,100 கிலோமீட்டர். ஆறு நாள் கிடைக்கும். தாராளமாகத்தான் தோன்றும். வழியில் லாரி படுத்துக்கொண்டால்? சீட்டு நள்ளிரவோடு காலாவதியாகிவிடுகிறது. அதற்கு முன் எட்டு மணி நேரம், பின் எட்டு மணி நேரம், அதற்குள் நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம். வாங்க வேண்டியவர் சரக்கைச் சுமந்து செல்லும் லாரிக் கம்பெனிக்காரர்.

இரவு இரண்டு மணிக்கு நம் பிள்ளையின் டெலிபோன் ஒலிக்கிறது. வண்டி ஆதிலாபாத்துக்கு அருகே நிற்கிறது. சீட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. காலை எட்டு மணிக்குள் நீட்டிப்பு வாங்க வேண்டும். லாரி ஆபீஸில் யாரை எழுப்புவது? அந்தக் குமாஸ்தாவின் எண் யாரிடம் இருக்கிறது? இதைச் சொல்லித் தர யாரும் இல்லை. விடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, காலையில் மேலதிகாரி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தால், வண்டி பிடிபட்டபோது வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கு, 18 சதவீத வரி என்றால் அபராதம் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அவனுடைய ஒரு வருஷச் சம்பளத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் இருந்தால் இது ஐந்து நிமிஷ விஷயம். யாருக்குப் பேச வேண்டும், என்ன குரலில் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் தொழிலிலும் இப்படித்தான். பிழை திருத்தாமல் யாரும் கட்டுரை எழுத வந்துவிடவில்லை. ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்திருந்தார். புதிய கிடங்குகளில் அந்த மூத்தவர் நாற்காலி காலியாக இருக்கிறது. இருக்கிற ஒரு மேற்பார்வையாளரும் பகலில் வருகிறார்.

சுமை தூக்குபவரிடம் பாடம்

பட்டதாரிகளின் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. எந்தப் பெட்டி அடியில் போக வேண்டும், எது மேலே, பின் அச்சில் பாரம் ஏறாமல் எப்படி அடுக்குவது, மழை நாளில் தார்ப்பாயை எந்தப் பக்கமிருந்து கட்டுவது, இவையெல்லாம் பத்தாவது தாண்டாத லோடுமேனுக்கு விரல் நுனியில் இருக்கின்றன. "அண்ணே, இதை ஏன் இப்படி வைக்கிறீர்கள்?" என்று கேட்கப் பட்டதாரிக்கு நா எழுவதில்லை. அவர்களை அதிகாரம் செய்யத்தான் தன்னை நியமித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறான். அவர்களும் விடுவதில்லை. இரண்டு நாள் அவன் சொன்னபடியே அடுக்கிக் காட்டுகிறார்கள். மூன்றாம் நாள் உடைந்த சரக்குக்குப் பதில் சொல்ல அவனேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

கெட்ட செய்தியைச் சொல்லும் வேலை ஒன்றும் இத்துறையில் உண்டு. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற ராட்சதக் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் ஏராளமான கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குச் சரக்கு போய்ச் சேர வாரக் கணக்கில் தாமதம். திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு, "உங்கள் பெட்டி இன்ன தேதிக்குப் போய்ச் சேராது" என்று டெலிபோனில் சொல்ல வேண்டியவர் யார்? கப்பல் கம்பெனித் தலைவரா? சேர்ந்து நான்கு மாதமான பிள்ளைதான். ஏச்சும் அவனுக்குத்தான். தாமதத்தை முதல் நாளே சொல்லிவிடுகிறவனை வியாபாரி ஏசினாலும் நம்புகிறார். மறைக்கிறவனை அவர் மறுபடி கூப்பிடுவதில்லை.

யார் வீட்டுச் சம்பளம்?

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், சம்பளப் பட்டியலில் இருக்கிறது. கிடங்கு ஒருவருடையது, அதை நடத்துகிறவர் இன்னொருவர், உள்ளே இருக்கும் சரக்கு மூன்றாமவருடையது. பட்டதாரியின் பெயரோ நான்காவதாக ஓர் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரின் புத்தகத்தில் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். ஒப்பந்தம் கைமாறும்போது அவனுடைய அனுபவமும் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. புதிய கான்ட்ராக்டரிடம் அவன் மறுபடி புது ஆள்.

பயிற்சியாளர் என்ற பெயரில் எடுப்பதும் உண்டு. 1961-ம் வருஷத்துப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ், பட்டதாரிப் பயிற்சியாளருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித் தொகை என்று 2019-ல் விதி வகுத்தார்கள். பயிற்சி தருவதானால் அது மோசமான ஏற்பாடல்ல. சென்னையில் தலைமை நிலையம் உள்ள லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில், படிப்பின் ஒரு பகுதியைத் தொழிலிடத்திலேயே கழிக்கும் பட்ட வகுப்புகளுக்கு வழி செய்திருக்கிறது. அதுவும் நல்ல முயற்சிதான். ஆனால் பயிற்சி என்று எழுதிவிட்டு வருஷம் முழுதும் கோட்டுக் குறியையே படிக்க வைத்தால் அது மலிவுக் கூலி என்பதைத் தவிர வேறென்ன?

துறைமுகத்தில் ஓர் ஏணி

இதே சென்னையில், துறைமுகத்துப் பக்கம் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கிறோம்.

அங்கும் வேலை கடுமைதான். பெட்டியைக் கப்பலில் ஏற்றுமுன் அதன் மொத்த எடையை உறுதி செய்து தர வேண்டும் என்பது 2016 ஜூலை முதல் உலகெங்கும் அமலில் உள்ள விதி. நிரப்பிய பெட்டியை எடைமேடையில் நிறுத்தலாம். அல்லது சரக்கு எடையோடு வெறும் பெட்டியின் எடையைக் கூட்டிக் கொடுக்கலாம். அந்தக் காகிதம் போகாவிட்டால் பெட்டி கரையிலேயே நிற்கும். இறக்குமதிப் பெட்டியை இலவச நாட்களுக்குள் எடுக்காவிட்டால் நாளுக்கு நாள் வாடகை ஏறும். துறைமுகச் சாலையில் வண்டி ஊர்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இடையில் ஒரு தலைமுறைக் குமாஸ்தாக்கள் வரிசையில் நின்றே வயதாகிவிட்டார்கள்.

ஆனால் சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர்கிற பையனுக்கு ஓர் ஏணி எழுத்தில் இருக்கிறது. 2018-ம் வருஷத்துச் சுங்கத் தரகர் உரிம விதிகளில் அதைக் காணலாம். உதவியாளாகச் சேர்கிறவருக்கு 'எச்' கார்டு. சுங்க இலாகாப் பரீட்சையில் தேறினால் 'ஜி' கார்டு. அதிலிருந்து தஸ்தாவேஜுகளில் கையெழுத்திடும் உரிமை வருகிறது. பட்டதாரியாக இருந்து, 'ஜி' கார்டோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தால் அடுத்த பெரிய பரீட்சை. எழுத்தும் உண்டு, நேர்முகமும் உண்டு. அதிலும் தேறினவர் 'எப்' கார்டுக்காரர். சொந்தமாகவே உரிமம் கோரலாம். முதலாளி மாறினாலும் தேறின பரீட்சை தேறினதுதான். இரவு வெகு நேரம் விழித்துப் பழைய தீர்வை விதிகளைப் படிக்கும் பிள்ளைகளை இந்தத் தொழிலில்தான் பார்க்கலாம். எதற்காகக் கஷ்டப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

கிடங்கில் இப்படி எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும், ஒரு வருஷத்தில் எந்த மேஜைக்கு மாற வேண்டும், எப்போது ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. பையன்கள் நிலைத்து நிற்பதில்லை என்று நிர்வாகிகள் குறைப்படுகிறார்கள். ஏறப் படி இல்லாத இடத்தில் யார் நிற்பார்கள்? 2022 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வந்தது. 2023-ல் தமிழக அரசின் கொள்கையும் வந்தது. மப்பேட்டில் பெரிய சரக்குப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. சாலைக்கும் கட்டடத்துக்கும் திட்டமிட்டவர்கள் சுங்கத் தொழிலின் ஏணியைப் பார்த்து, கிடங்குக்கும் ஒன்று செய்வது அசாத்தியமான காரியமல்ல என்பது நம் அபிப்பிராயம்.

பெண் பிள்ளைகள்

இந்த வகுப்புகளில் பெண்களும் படிக்கிறார்கள். கிடங்குகளிலோ, அவர்களைக் கணக்கு மேஜையோடு நிறுத்திவிடுகிறார்கள். இரவு ஷிப்டு என்பதே காரணம் என்கிறார்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ம் வருஷமே தீர்ப்பளித்துவிட்டது. பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. இருபத்தைந்து வருஷம் சென்ற பிறகும், ஒரகடத்துக் கிடங்கு வாசலிலிருந்து பெரிய சாலைக்கு நடந்துவர விளக்கில்லாத பாதைதான் பல இடங்களில் இருக்கிறது. ஷிப்டுக்கு ஒரு வேன் விடும் செலவைப் பார்த்துத் தயங்குகிற கம்பெனி, இரவு ஷிப்டு பார்க்காதவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்றும் சொல்கிறது!

இந்த வருஷம் தேர்வு முடித்து வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், சம்பளம் எவ்வளவு என்பதோடு இன்னும் சிலவற்றையும் நேர்முகத்தில் கேட்கலாம், தவறில்லை. நியமன உத்தரவில் கையெழுத்திடும் கம்பெனி எது? இரவு ஷிப்டில் எனக்கு மேல் யார் இருப்பார்? கோட்டுக் குறி படிக்கும் வேலையிலிருந்து எத்தனை மாதத்தில் வேறு பகுதிக்கு மாற்றுவீர்கள்? வாயால் சொன்ன பதிலை மறுநாள் ஒரு மின்னஞ்சலில் எழுதி, "நேற்றுத் தாங்கள் சொன்னபடி..." என்று ஆரம்பித்து அவர்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. பெண் பிள்ளைகள் வேன் எங்கே வரை வரும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.